இருநிலைப் பம்பும் 5 குதிரைச்சக்தி மோட்டாரும்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

சங்கத்தின் கணக்கேடுகள் பணத்தின் வரவு செலவை மட்டுமே உரைப்பன என்று நாம் எண்ணிவிடுகிறோம். கூர்ந்து நோக்குவோர்க்கு அவை சங்கத்து இயந்திரங்களின் உடல்நிலையையும் உரைக்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு, சாயச்சாலை ஒன்றை நடத்திவரும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்கு ஆய்வுக்குச் சென்றிருந்தேன். மூன்று மாதங்களுக்குள் ஒரே செலவுக்கு இரண்டு பற்றுச்சீட்டுகள் கண்ணிற்பட்டன. இரண்டிலும், ‘விறகு பிளக்கும் இயந்திரத்தின் மோட்டாருக்குக் காயில் கட்டிய கூலி’ என்று எழுதியிருந்தது. தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். இயந்திரத்தை இயக்குபவரின் கவனக்குறைவால் மோட்டார் இருமுறை கருகியதாகவும், அச்செலவை அவருடைய கூலியில் மாதந்தோறும் பிடித்தம் செய்துகொள்வதென்றும் நிர்வாகக் குழு முடிவு செய்திருந்தது.

அவர் அச்சாயச்சாலைக்கு இருபது ஆண்டுகள் கோடரியால் விறகு பிளந்து கொடுத்தவர். இயந்திரம் வந்தபின் அதன் முன்னே நிறுத்தப்பட்டார். “நான் கைப்பிடியைத் தள்ளுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை, ஐயா” என்றார்.

அவர் சொல் மெய்யா, குழுவின் தீர்மானம் சரியா என்பதை அவ்வியந்திரத்தின் பம்பை அறியாமல் தீர்க்க இயலாது. நான் பொறியியல் கற்றவன் அல்லன். எனினும், பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எவரும் இதனை அறிந்துகொள்ளலாம் என்று அன்று கண்டேன். கண்டதை அங்கத்தினர் அனைவர்க்கும் பாடமாக இங்கே எழுதுகிறேன்.

விறகைப் பிளப்பது ஏன்?

விறகு பிளக்கும் இயந்திரம் குளிர்நாடுகளில் வளர்ந்தது. அமெரிக்கா, கனடா, வட ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் பனிக்காலம் முழுவதும் விறகு எரித்து வீட்டைச் சூடாக்கிக்கொள்ளும் குடும்பங்கள் பல. அவர்கள் முன்கூட்டியே மரத்தைத் துண்டாக்கிப் பிளந்து அடுக்கி, அதன் ஈரம் 20 சதவிகிதத்திற்குக் கீழே இறங்கும்வரை உலர்த்துவர். பச்சை மரத்தின் எடையில் பாதிவரை நீர் இருப்பதுண்டு. பட்டை அந்நீரை எளிதில் வெளியே விடாது. கட்டையைப் பிளந்தால் உட்புறம் காற்றுக்கு வெளிப்பட்டு விரைவில் உலர்கிறது.

விறகு எரிக்கும் நம் சாயச்சாலைகளுக்கும் இது பொருந்தும். 100 கிலோ விறகில் 40 கிலோ நீர் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறக்குறைய 610 கிலோகலோரி வெப்பம் வேண்டும். 40 கிலோவுக்கு 24,400. ஒரு கிலோ உலர்ந்த மரம் எரிந்தால் ஏறக்குறைய 4,500 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். ஆகவே மீதியுள்ள 60 கிலோ மரத்தில் 5 கிலோவுக்கு மேற்பட்டது தன் ஈரத்தை விரட்டுவதற்கே எரிந்து தீர்கிறது. அதனோடு ஈரம் அடுப்பின் சூட்டைத் தணிப்பதால் மரம் முற்றும் எரியாமல் புகையாகவும் போகிறது. இதனால் சாயத்தொட்டி கொதிக்கும் நேரம் நீளுகிறது. ஆதலின், புளி, சீமைக் கருவேலம் முதலியவற்றின் பருத்த அடிக்கட்டைகளை வாங்கும் சங்கத்திற்குப் பிளத்தல் இன்றியமையாத வேலையாகும்.

அழுத்தத்தின் விதி

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அவ்வழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டார். அவருடைய நூல் அவர் இறந்தபின் 1663இல் வெளிவந்தது. அவ்விதியைக் கொண்டு இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்னும் தொழிலறிஞர் நீரழுத்த இயந்திரத்தை அமைத்து 1795இல் காப்புரிமை பெற்றார். விறகு பிளக்கும் இயந்திரம் அதன் வழிவந்ததே. இதில் நீருக்குப் பதிலாக எண்ணெய் வேலை செய்கிறது. மோட்டார் பம்பைச் சுற்றுகிறது. பம்பு எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. சிலிண்டரிலுள்ள பிஸ்டன் நகர்ந்து கட்டையை ஆப்பின்மேல் அழுத்துகிறது. சம்மட்டியும் ஆப்பும் செய்த வேலையை எண்ணெய் அழுத்தமும் ஆப்பும் செய்கின்றன.

பிஸ்டன் தள்ளும் வலிமையை அறிய, எண்ணெயின் அழுத்தத்தைப் பிஸ்டன் முகத்தின் பரப்பால் பெருக்க வேண்டும். சிலிண்டரின் உட்குறுக்களவு 10 சென்டிமீட்டர் எனில் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 175 கிலோ எனில் வலிமை ஏறக்குறைய 13,700 கிலோ, அதாவது 13.7 டன். முடிச்சில்லாத கட்டை எதுவாயினும் பெரும்பாலும் இதற்கு இணங்கிப் பிளக்கும்.

பிஸ்டன் நகரும் வேகமோ அழுத்தத்தைப் பொறுத்ததன்று. நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வருகிறது என்பதையே அது பொறுத்தது. பிஸ்டன் 60 சென்டிமீட்டர் முன்செல்ல வேண்டுமாயின் மேற்கூறிய சிலிண்டர் 4.7 லிட்டர் எண்ணெய் கொள்ளும். திரும்பி வரும்போது தண்டு இடத்தை அடைத்துக்கொள்வதால் எண்ணெய் குறைவாகவே வேண்டும். தண்டின் குறுக்களவு 5 சென்டிமீட்டர் எனில் 3.5 லிட்டர் போதும்.

மூன்றாவது கணக்கே மிக முக்கியமானது. நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் என்பதை அழுத்தத்தின் கிலோவால் பெருக்கி, 450ஆல் வகுத்தால், வேண்டிய குதிரைச்சக்தி கிடைக்கும். வேகம், வலிமை ஆகிய இரண்டையும் ஒருங்கே கேட்டால் மோட்டார் இரண்டின் பெருக்கத்தையும் சுமக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

ஒரே நிலையுள்ள பம்பின் குறை

கட்டை பிளக்கும் வேலையை உற்று நோக்குங்கள். முதலில் பிஸ்டன் வெறுமனே நகர்ந்து கட்டையைத் தொடுகிறது. அப்போது வலிமை வேண்டா, வேகமே வேண்டும். ஆப்பு கட்டைக்குள் இறங்கும் சில அங்குலத்தில் பெருவலிமை வேண்டும். வெடிப்பு விழுந்தபின் மீண்டும் சிறுவலிமையே போதும். திரும்பும் பயணத்தில் சுமையே இல்லை. ஆக, முழு வலிமை வேண்டுவது வேலை நேரத்தின் சிறு பகுதியிலேயே ஆகும்.

நிமிடத்திற்கு 11 லிட்டர் தரும் சிறிய பம்பை வைப்பதாகக் கொள்வோம். 175 கிலோ அழுத்தத்தில் அதற்கு வேண்டியது 4.3 குதிரைச்சக்தி. 5 குதிரைச்சக்தி மோட்டார் போதும். ஆனால் பிஸ்டன் முன்செல்ல 26 வினாடியும் திரும்ப 19 வினாடியும் ஆக, ஒரு கட்டைக்கு 45 வினாடி செல்லும். கோடரிக்காரர் இதைக் கண்டு நகைப்பார்.

நிமிடத்திற்கு 42 லிட்டர் தரும் பெரிய பம்பை வைத்தால் போக்கும் வரவும் சேர்ந்து 12 வினாடியில் முடிந்துவிடும். ஆனால் 175 கிலோ அழுத்தத்தில் அது 16.3 குதிரைச்சக்தியைக் கேட்கும். அத்தனை பெரிய மோட்டாரை வாங்கி, மின்கட்டணமும் செலுத்தி, சில வினாடி வேலைக்காக வைத்திருப்பது சங்கத்திற்குக் கட்டுப்படியாகாது.

இருநிலைப் பம்பின் அமைப்பு

இவ்விரு குறைகளையும் நீக்குவதே இருநிலைப் பம்பு. ஒரே உறைக்குள், ஒரே தண்டில் சுழலும் இரண்டு பற்சக்கர இணைகள் இதிலுண்டு. பெரிய இணை நிமிடத்திற்கு 31 லிட்டரும் சிறிய இணை 11 லிட்டரும் தருவதாகக் கொள்வோம். சுமை இல்லாதபோது இரண்டும் சேர்ந்து 42 லிட்டரைச் சிலிண்டருக்கு அனுப்புகின்றன; பிஸ்டன் விரைந்து நகர்கிறது. ஆப்பு கட்டையைக் கவ்வியதும் எண்ணெயின் அழுத்தம் ஏறுகிறது. அது ஏறக்குறைய 45 கிலோவை எட்டியதும் சுமையிறக்கும் வால்வு என்னும் சிறு வால்வு தானே திறந்து, பெரிய இணையின் எண்ணெயைப் பம்பின் வாய்க்கே திருப்பிவிடுகிறது. அவ்வெண்ணெய் அழுத்தமின்றிச் சும்மா சுற்றி வரும். இடையிலுள்ள ஒருவழி வால்வு, சிறிய இணை தரும் உயரழுத்த எண்ணெய் அப்பக்கம் கசியாமல் தடுக்கிறது. பின்பு சிறிய இணை ஒன்றே 175 கிலோவரை அழுத்தத்தை ஏற்றுகிறது. கட்டை பிளந்து அழுத்தம் இறங்கியதும் சுமையிறக்கும் வால்வு மூடிக்கொள்ள, இரண்டு இணைகளும் மீண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன.

மலைப்பாதையில் ஏறும் பேருந்தின் ஓட்டுநர், ஏற்றம் வந்ததும் கியரைக் குறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி மெதுவாகிறது, ஆனால் ஏறுகிறது. இருநிலைப் பம்பு அவ்வேலையைத் தானே செய்துகொள்கிறது.

இப்போது குதிரைச்சக்தியைக் கணக்கிடுவோம். முதல் நிலையின் எல்லையில் 42 லிட்டரை 45 கிலோவால் பெருக்கி 450ஆல் வகுத்தால் 4.2. இரண்டாம் நிலையின் எல்லையில் 11 லிட்டரை 175 கிலோவால் பெருக்கி 450ஆல் வகுத்தால் 4.3. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே! பம்பின் உராய்வு முதலிய இழப்பைச் சேர்த்தாலும் 5 குதிரைச்சக்தி மோட்டார் சரிக்கட்டிவிடும். 45 கிலோ என்னும் எல்லை மனம்போனபடி வைத்ததன்று. மோட்டாரின் சக்திக்கு இசையக் கணக்கிட்டு வைத்ததாகும்.

நேரத்தையும் பார்ப்போம். 60 சென்டிமீட்டர் பயணத்தில் 10 சென்டிமீட்டர் மட்டும் பெருவலிமை வேண்டுமெனில் அதற்கு 4.3 வினாடி, மீதி 50 சென்டிமீட்டருக்கு 5.6 வினாடி, திரும்ப 5 வினாடி. ஆக 15 வினாடி. சிறிய பம்பு எடுத்துக்கொண்ட 45 வினாடியில் மூன்றில் ஒரு பங்கே ஆயிற்று. மோட்டாரோ அதே மோட்டார்தான்.

பருத்தி பயிரிடும் அங்கத்தினர்க்கு இத்தத்துவம் புதிதன்று. அரைவை ஆலையில் பஞ்சை அழுத்தி 170 கிலோப் பொதியாக்கும்போது, உதிரிப் பஞ்சு தொடக்கத்தில் எளிதில் ஒடுங்கும். முடிவில்தான் எதிர்த்து நிற்கும். ஆகவே பொதி அழுத்தும் இயந்திரங்களிலும் முதலில் விரைவும் பின்பு வலிமையும் தரும் பம்பு ஏற்பாடு உண்டு.

மோட்டார் கருகிய காரணம்

இனி நம் சாயச்சாலைக்குத் திரும்புவோம். அருகிலிருந்த தொழிற்பயிற்சி நிலையத்து ஆசிரியர் ஒருவரை, அழுத்தமானி ஒன்றுடன் வருமாறு காரியதரிசி வாயிலாக வேண்டிக்கொண்டேன். முடிச்சு விழுந்த புளியங்கட்டை ஒன்றை வைத்து இயந்திரத்தை ஓட்டினோம். முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு 45 கிலோவில் மாறவேண்டிய பம்பு, 90 கிலோவில்தான் மாறியது. சுமையிறக்கும் வால்வின் திருகாணி இறுக்கப்பட்டிருந்தது.

விசாரித்தபோது நடந்தது தெரிந்தது. இயந்திரம் வந்த புதிதில், கடினமான கட்டை வரும்போதெல்லாம் பிஸ்டன் மெதுவாவதைக் குழுவினர் சிலர் கண்டு, இயந்திரத்தில் பழுது என்று கருதினர். மெக்கானிக் ஒருவரை அழைத்து, மெதுவாகாமல் ஓடும்படி செய்யச் சொன்னார்கள். அவர் திருகாணியை இறுக்கினார். பிஸ்டன் முன்போல் மெதுவாகவில்லை, எல்லாரும் மகிழ்ந்தனர். ஆனால் 42 லிட்டரை 90 கிலோவால் பெருக்கி 450ஆல் வகுத்துப் பாருங்கள்: 8.4 குதிரைச்சக்தி! இழப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 10. ஒருவர் தூக்கும் மூட்டையை இரண்டாக்கி, அவர் தலைமேலேயே ஏற்றியதற்கு இது ஒப்பாகும். மோட்டாரைக் காக்கும் மிகைச்சுமைத் தடுப்பி அடிக்கடி விழுந்து எச்சரித்தது. வேலை தடைப்படுகிறதே என்று அதன் அளவையும் கூட்டி வைத்துவிட்டார்கள். அதன்பின் மோட்டார் கருகுவதைத் தவிர வேறு வழியில்லை. காயில் கட்டியபின்பும் திருகாணி அப்படியே இருந்தமையால் மீண்டும் கருகியது.

இதில் இயக்கியவரின் பிழை யாது? அவர் உண்மையிலேயே கைப்பிடியைத் தள்ளியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. பிஸ்டன் மெதுவானால் அது பிணியன்று. வலிமை கூடுகிறது என்பதன் அறிகுறி என்று அவருக்கோ குழுவினருக்கோ சொல்லிக்கொடுத்தார் எவருமில்லை. கணக்கைத் தலைவர் முன்பு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அடுத்த கூட்டத்தில் குழு தன் தீர்மானத்தை ரத்துச் செய்து, பிடித்த தொகையை அவருக்குத் திருப்பித் தந்தது. திருகாணி 45 கிலோவுக்குத் தளர்த்தப்பட்டு, அதன்மேல் முத்திரையும் இடப்பட்டது. தடுப்பியும் மோட்டாரின் அளவுக்கே திரும்ப வைக்கப்பட்டது.

தீர்மானம் நிறைவேற்றுமுன் கேட்க வேண்டியவை

இத்தகைய இயந்திரம் வாங்க எண்ணும் சங்கத்தார், விலைப்புள்ளியில் பின்வருவனவற்றை எழுத்தில் பெறவேண்டும்.

1. இரண்டு நிலைகளிலும் நிமிடத்திற்கு எத்தனை லிட்டர், எந்த அழுத்தத்தில் நிலை மாறும், உச்ச அழுத்தம் எவ்வளவு என்பவை. இவை கிடைத்தால் குதிரைச்சக்தியை நாமே கணக்கிடலாம்.

2. எந்தச் சுழற்சி வேகத்தில் அந்த லிட்டர் கிடைக்கும் என்பது. இதிலேதான் பலர் ஏமாறுகின்றனர். பெட்ரோல் எஞ்சினுக்கென அமைந்த பம்புகளுக்கு நிமிடத்திற்கு 3,600 சுற்று என்று கணக்கிட்டிருப்பார்கள். நம் நாட்டு மின்சாரத்தில் வேகமான மோட்டார் ஏறக்குறைய 2,900 சுற்றும், சாதாரண மோட்டார் 1,440 சுற்றுமே சுழலும். 3,600 சுற்றில் 60 லிட்டர் தரும் பம்பு, 2,900 சுற்றில் 48 லிட்டரும், 1,440 சுற்றில் 24 லிட்டருமே தரும். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு 540 சுற்றே சுழலும்; வேகத்தைக் கூட்டும் பற்சக்கரப் பெட்டி இன்றி அதில் இப்பம்பை மாட்டுவது வீண்.

3. சிலிண்டரின் உட்குறுக்களவும் நீளமும். டன் கணக்கை மட்டும் கேட்டு மயங்கலாகாது. குறுக்களவு 12.5 சென்டிமீட்டர் ஆனால் வலிமை 21 டன்னுக்கு மேல் உயரும். ஆனால் அதே பம்பில் பயணம் ஒன்றரை மடங்கு நேரம் எடுக்கும்.

4. கையை எடுத்தால் முன்செல்லும் பிஸ்டன் உடனே நிற்குமா என்பது. நில்லாத இயந்திரத்தை, விலை எவ்வளவு குறைவாயினும், வாங்கலாகாது.

5. இவற்றிற்கு முன்னே, நமக்கு வரும் விறகு எத்தகையது என்பது. சவுக்குக் கழியும் சிறு கிளையுமே வாங்கும் சங்கத்திற்கு இவ்வியந்திரம் வேண்டுவதில்லை.

இயக்குவோர் மறவாதிருக்க வேண்டியவை

தொட்டியிலிருந்து பம்புக்கு எண்ணெய் வரும் குழாய் அகலமாகவும் குட்டையாகவும் இருத்தல் வேண்டும். அக்குழாய் நெருக்கமாயிருந்தாலும், வடிகட்டி அடைத்துக்கொண்டாலும், பம்பு எண்ணெய்க்குத் தவித்துக் கூழாங்கல் அரைபடுவது போல ஒலிக்கும். அவ்வொலி கேட்டவுடன் நிறுத்திவிட வேண்டும். புதிய பம்பை முதன்முதல் ஓட்டுமுன் அக்குழாயில் எண்ணெய் நிறைத்துக்கொள்வது அவசியம்; உலர்ந்து சுழன்ற பம்பு சில நிமிடத்தில் கெட்டுவிடும். இப்பம்புகளில் பெரும்பாலானவற்றின் தண்டு பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. ஆதலின் பெல்ட்டும் கப்பியும் மாட்டாமல், நெகிழும் கப்ளிங் கொண்டு மோட்டாரோடு நேராக இணைக்க வேண்டும்.

எல்லாவற்றினும் மேலானது கையின் காப்பு. விரைந்து வரும் முதல் நிலையில் வலிமை சிறிது என்று எண்ணாதீர்கள். 45 கிலோ அழுத்தத்திலும் அது மூன்றரை டன். கையை நசுக்க அது மிகப் போதும். கட்டையை வைப்பவரே கைப்பிடியையும் இயக்க வேண்டும். ஒருவர் கட்டையைப் பிடிக்க மற்றொருவர் இயக்குவதை எந்நாளும் அனுமதிக்கலாகாது. குழாயில் கசிவு உண்டா என்று விரலால் தடவிப் பார்ப்பது பெருந்தவறு. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். காயம் சிறிதாகத் தோன்றும்; வலியும் முதலில் மிகுதியாயிராது. ஆயினும் அந்நிமிடமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும். கசிவை அறிய அட்டைத் துண்டு ஒன்றைக் காட்டிப் பார்த்தால் போதும்.

கல்வி வட்டத்திற்குக் கணக்குகள்

அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர் கூடி இவற்றைக் கணக்கிட்டுப் பார்ப்பார்களாக.

1. ஒரு பம்பு முதல் நிலையில் 60 லிட்டரும், இரண்டாம் நிலையில் 15 லிட்டரும் தருகிறது. நிலை மாறும் அழுத்தம் 40 கிலோ. உச்ச அழுத்தம் 160 கிலோ. எத்தனை குதிரைச்சக்தி வேண்டும்? (விடை: இரு நிலையிலும் 5.3. இழப்பையும் சேர்த்து 7½ குதிரைச்சக்தி மோட்டார் வைப்பது தக்கது.)

2. அப்பம்பின் கணக்கு 3,600 சுற்றுக்கு உரியது. அதை 1,440 சுற்று மோட்டாரில் மாட்டினால் நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் கிடைக்கும்? (விடை: 24, 6.)

3. நம் சங்கத்து இயந்திரங்களில், அதன் இயக்கத்தை இயக்குபவருக்கு ஒருமுறையேனும் விளக்கிச் சொல்லாதது எது? (இதற்கு விடையை அந்தந்தச் சங்கத்தாரே எழுதிக்கொள்ள வேண்டும்.)

இயந்திரம் பங்குதாரர் அனைவரின் பணம். அதன் முன் நிற்பவரும் நம்முள் ஒருவரே. பழுது நேர்ந்தவுடன் ஆளைத் தேடாமல் காரணத்தைத் தேடும் சங்கத்தில், பணமும் காப்பாற்றப்படும், நியாயமும் காப்பாற்றப்படும்.